குளிர்ந்த மேகத்தில் கார்பன் வளையங்கள்: போகாமலே அறிவது எப்படி?

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விண்வெளியைப் பற்றிப் பாடம் நடத்தும்போது நம் எல்லோரிடமும் ஏதாவது ஒரு மாணவர் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அங்கே போய்ப் பார்த்தாங்களா சார்?" சில சமயம் வகுப்பே சிரிக்கும். ஆனால் அது சிரிக்க வேண்டிய கேள்வி அல்ல. அறிவியலில் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். 'இது இருக்கிறது' என்று சொல்பவரிடம் 'உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்கும் பிள்ளை, பாடத்தின் மையத்தைத் தொட்டுவிட்டது.

இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்விக்கு மிகக் கடினமான ஒரு சோதனை. சுமார் 430 ஒளியாண்டு தொலைவில், சூரிய வெளிச்சமே எட்டாத, கடுங்குளிரான ஒரு மேகத்தில், பென்சீன் வளையங்கள் பின்னிப் பிணைந்த கார்பன் மூலக்கூறுகள் இருக்கின்றன என்று அறிவியலாளர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். யாரும் அங்கே போகவில்லை. போகப் போவதும் இல்லை. பிறகு எப்படித் தெரியும்?

மேகம் எங்கே இருக்கிறது?

மார்கழி, தை மாத இரவுகளில் நம் தலைக்கு மேலே ரிஷப விண்மீன் குழு தெரியும். கொத்தாக மின்னும் கார்த்திகையை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அடையாளம் தெரியும். அதற்குக் கிழக்கே செந்நிறமாக ஒளிர்வது ரோகிணி. கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால், ரோகிணியிலிருந்து வடக்கே ஏறத்தாழ ஒரு முட்டி அகலத்தில் நாம் பேசப்போகும் மேகம் இருக்கிறது. வெறுங்கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியாது. தொலைநோக்கிப் படங்களில் விண்மீன்களே இல்லாத கருந்திட்டுகளாகத் தெரியும். அமெரிக்க வானியலாளர் எட்வர்ட் எமர்சன் பர்னார்டு இத்தகைய இருண்ட பகுதிகளைப் படமெடுத்து, 1919-ல் 182 இடங்களைப் பட்டியலிட்டு வெளியிட்டார். அவை வானத்தில் விழுந்த ஓட்டைகள் அல்ல, பின்னால் இருக்கும் விண்மீன்களை மறைக்கும் தூசும் வாயுவும் என்பது பின்னர் உறுதியானது.

ரிஷபத்தில் உள்ள இந்தப் பகுதிக்கு 'டாரஸ் மூலக்கூறு மேகம்-1' என்று பெயர். சுருக்கமாக டி.எம்.சி-1. இதன் வெப்பநிலை சுமார் 10 கெல்வின், அதாவது மைனஸ் 263 டிகிரி செல்சியஸ். அடர்த்தியோ ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 10,000 ஹைட்ரஜன் மூலக்கூறுகள். 'பத்தாயிரமா!' என்று தோன்றலாம். இந்த அறையின் காற்றில் ஒரு கன சென்டிமீட்டரில் இருப்பது ஏறத்தாழ இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள். ஆய்வகங்களில் மிகுந்த பாடுபட்டு உருவாக்கும் உயர் வெற்றிடத்தில்கூட இந்த மேகத்தில் இருப்பதைவிட அதிகமான மூலக்கூறுகள் மிஞ்சியிருக்கும். ஆனால் மேகத்தின் கனம் ஒளியாண்டுக் கணக்கில் வருவதால், நாம் பார்க்கும் திசையில் உள்ள எல்லா மூலக்கூறுகளும் சேர்ந்து ஓர் அளவிடக்கூடிய சமிக்ஞையைத் தருகின்றன.

சுழலும் மூலக்கூறு பேசும் மொழி

உப்பைச் சுடரில் தூவினால் மஞ்சள் நிறம் வருவதைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருப்போம். சோடியம் அணுவின் எலக்ட்ரான் படிநிலை மாறும்போது வரும் ஒளி அது. பத்து கெல்வின் குளிரில் எலக்ட்ரான்களை மேலே தூக்கும் அளவு ஆற்றல் கிடையாது. மூலக்கூறின் பிணைப்புகளை அதிரச் செய்யவும் ஆற்றல் போதாது. ஒன்றே ஒன்றைச் செய்ய முடியும். மூலக்கூறு மெதுவாகச் சுழலலாம்.

இந்தச் சுழற்சி பம்பரத்தின் சுழற்சி போன்றதல்ல. பம்பரம் எந்த வேகத்தில் வேண்டுமானாலும் சுற்றும். மூலக்கூறுக்குக் குறிப்பிட்ட சில சுழற்சி நிலைகளே அனுமதிக்கப்பட்டவை, ஏணியின் படிகளைப் போல. மேல்படியிலிருந்து கீழ்ப்படிக்கு இறங்கும்போது அந்த ஆற்றல் வேறுபாடு ரேடியோ அலையாக வெளிவருகிறது. படிகளின் இடைவெளியைத் தீர்மானிப்பது மூலக்கூறின் நிலைமத் திருப்புத்திறன். எந்த அணு, எவ்வளவு நிறை, மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அதில் அடங்கிவிடுகிறது. இரண்டே அணுக்கள் கொண்ட கார்பன் மோனாக்சைடின் முதல் கோடு 115 ஜிகாஹெர்ட்ஸில் வருகிறது. கனமான பென்சோநைட்ரைலின் கோடுகளோ சுமார் 2.8 ஜிகாஹெர்ட்ஸ் இடைவெளியில் கூட்டங்கூட்டமாக வருகின்றன. ஓர் அணு இடம் மாறினாலும் எல்லாக் கோடுகளும் இடம் மாறிவிடும். ஆகவே ஒரு மூலக்கூறின் சுழற்சி நிறமாலை அதன் கைரேகை போன்றது.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. சுழலும்போது ரேடியோ அலையை வெளிவிட மூலக்கூறுக்கு நிலையான இருமுனைத் திருப்புத்திறன் வேண்டும். ஒரு பக்கம் சற்றே நேர்மின் தன்மையும் மறுபக்கம் சற்றே எதிர்மின் தன்மையும் இருந்தால்தான் சுழலும் மூலக்கூறு ஒரு சிறிய ஆன்டெனாவாகச் செயல்படும். நம் கதையின் சிக்கலே இங்குதான் தொடங்குகிறது.

பென்சீன் ஏன் மறைந்துகொண்டது?

1937 முதல் 1941 வரையான காலத்தில், விண்மீன்களின் ஒளியில் விழுந்த கோடுகளிலிருந்து விண்மீன்களுக்கு இடையே எளிய ஈரணு மூலக்கூறுகள் இருப்பது தெரியவந்தது. ரேடியோ வானியல் வளர்ந்த பிறகு, 1963-ல் ஹைட்ராக்சில், 1968-ல் அம்மோனியா, 1969-ல் நீரும் ஃபார்மால்டிஹைடும், 1970-ல் கார்பன் மோனாக்சைடு என்று பட்டியல் நீண்டது.

அடுத்து வந்தவை நீண்ட கார்பன் சங்கிலிகள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹாரி குரோட்டோவும் டேவிட் வால்டனும் ஐந்து கார்பன் கொண்ட சயனோபாலிஐன் என்ற சங்கிலி மூலக்கூறை ஆய்வகத்தில் அளந்தார்கள். இளநிலை மாணவர் ஒருவரின் ஆய்வுத் திட்டமாக நடந்த வேலை அது. பிறகு கனடாவில் தகேஷி ஓகா முதலியோருடன் சேர்ந்து அதே மூலக்கூறை வானில் தேடிக் கண்டார்கள். 1970-களின் பிற்பகுதியில் ரிஷப மேகத்தில் ஏழு, ஒன்பது கார்பன் சங்கிலிகளும் கிடைத்தன. இந்தச் சங்கிலிகள் எப்படி உருவாகின்றன என்று தேடிப்போனதுதான் 1985-ல் 60 கார்பன் கொண்ட ஃபுல்லரீனின் கண்டுபிடிப்புக்குக் குரோட்டோவை இட்டுச் சென்றது. அதற்காக 1996-ல் ராபர்ட் கர்ல், ரிச்சர்டு ஸ்மாலி ஆகியோருடன் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சங்கிலி கிடைத்தது, வளையம் கிடைக்கவில்லை. வளையங்கள் இருக்கின்றன என்பதற்கான தடயம் மட்டும் இருந்தது. விண்மீன் ஒளி படும் தூசுப் பகுதிகளிலிருந்து 3.3, 6.2, 7.7, 8.6, 11.3 மைக்ரோமீட்டர் அலைநீளங்களில் அகச்சிவப்பு ஒளிர்வு வருவதை வானியலாளர்கள் கண்டார்கள். இது பல வளைய அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன்களின் அதிர்விலிருந்து வருகிறது என்ற கருத்து 1980-களின் நடுவில் முன்வைக்கப்பட்டது. விண்மீனிடைக் கார்பனில் பத்து முதல் இருபது விழுக்காடு வரை இவற்றில் அடங்கியிருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். ஆனால் அதிர்வு நிறமாலை கைரேகை அல்ல, குடும்பச் சாயல். 'இந்தக் குடும்பத்தார் இங்கே இருக்கிறார்கள்' என்று சொல்லும். இன்னார் என்று பெயர் சொல்லாது.

பெயர் சொல்லக்கூடிய ரேடியோ நிறமாலையோ பென்சீனுக்குக் கிடையாது. அறுகோணச் சமச்சீர் காரணமாக அதன் இருமுனைத் திருப்புத்திறன் சுழி. நாப்தலீன், பைரீன், கொரோனீன் ஆகியவற்றுக்கும் அதே கதிதான். அவை அங்கே நிறைந்திருந்தாலும் ரேடியோ தொலைநோக்கிக்கு ஊமைகள்.

நைட்ரைல் என்னும் அடையாளச் சீட்டு

இதற்குக் கண்ட வழி எளிமையானது. பென்சீனில் ஒரு ஹைட்ரஜனை நீக்கிவிட்டு, கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்த நைட்ரைல் தொகுதியை வைத்தால் பென்சோநைட்ரைல் கிடைக்கும். சமச்சீர் உடைகிறது. வலுவான இருமுனைத் திருப்புத்திறன் வந்துவிடுகிறது. ஊமை பேசத் தொடங்குகிறது.

மேகத்தில் இந்த மாற்றம் தானாக நடக்குமா? பத்து கெல்வினில் பெரும்பாலான வேதிவினைகள் நின்றுவிடும், கிளர்வு ஆற்றல் கிடைக்காது. ஆனால் கிளர்வு ஆற்றல் தேவைப்படாத வினைகளும் உண்டு. காஸ்மிக் கதிர்கள் ஹைட்ரஜன் மூலக்கூறைத் தாக்கி அயனியாக்க, அது இன்னொரு ஹைட்ரஜன் மூலக்கூறுடன் சேர்ந்து மூன்று ஹைட்ரஜன் கொண்ட அயனி உருவாகிறது. இந்த அயனி தன் புரோட்டானைப் பிற மூலக்கூறுகளுக்குக் கொடுத்து வினைச் சங்கிலியைத் தொடங்கிவைக்கிறது. அதுபோலவே சயனைடு தனி உறுப்பு பென்சீனைச் சந்தித்தால், கடுங்குளிரிலும் வினை நடந்து பென்சோநைட்ரைல் உருவாகும். எனவே பென்சோநைட்ரைல் இருந்தால் பென்சீனும் இருக்க வேண்டும்.

2018-ல் பிரெட் மெக்கைரும் அவருடைய குழுவினரும் டி.எம்.சி-1 மேகத்தில் பென்சோநைட்ரைலைக் கண்டுபிடித்ததை அறிவித்தார்கள். பயன்படுத்திய கருவி மேற்கு வர்ஜீனியாவில் உள்ள கிரீன் பேங்க் தொலைநோக்கி. 100 மீட்டருக்கு 110 மீட்டர் கிண்ணம். முழுவதும் திருப்பக்கூடிய ரேடியோ தொலைநோக்கிகளில் உலகிலேயே பெரியது. அதைச் சுற்றியுள்ள பெரும் நிலப்பரப்பு 1958 முதல் ரேடியோ அமைதி மண்டலமாகப் பாதுகாக்கப்படுகிறது. தொலைநோக்கிக்கு அருகே டீசல் வண்டிகள்தான் ஓடும். பெட்ரோல் வண்டியின் தீப்பொறிச் செருகி எழுப்பும் இரைச்சல்கூட வானின் சமிக்ஞையை மூழ்கடித்துவிடும்.

இரைச்சலுக்குள் இருந்து ஒரு குரல்

பெரிய மூலக்கூறுக்குச் சுழற்சிக் கோடுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. மொத்த ஆற்றலும் அத்தனை கோடுகளுக்குப் பங்காகிவிடுவதால் ஒவ்வொரு கோடும் மிக மெலிந்தது. தனியாகப் பார்த்தால் கருவியின் இரைச்சலிலிருந்து பிரித்தறிய முடியாது. ஆனால் அவை எங்கெங்கே வர வேண்டும் என்பது ஆய்வக அளவீட்டிலிருந்து துல்லியமாகத் தெரியும். அந்த இடங்களிலுள்ள துண்டுகளை மட்டும் வெட்டியெடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினால், நூறு துண்டுகளில் சமிக்ஞை நூறு மடங்காகும். முன்னும் பின்னுமாக அலையும் இரைச்சலோ பத்து மடங்கே ஆகும். மறைந்திருந்த கோடு தலைதூக்கும்.

இந்த முறையில் 2021-ல் இரண்டு வளையம் கொண்ட சயனோநாப்தலீன் கண்டறியப்பட்டது. நம் துணி அலமாரியில் வைக்கும் அந்துருண்டையின் நாப்தலீனுடன் ஒரு நைட்ரைல் ஒட்டிய வடிவம் அது. அதே ஆண்டு, சிறிதளவு இருமுனைத் திருப்புத்திறன் இயல்பாகவே கொண்ட இன்டீனும் கிடைத்தது. இதை அமெரிக்கக் குழுவும், ஸ்பெயினின் யெபெஸ் 40 மீட்டர் தொலைநோக்கியைப் பயன்படுத்திய குழுவும் தனித்தனியே கண்டன. பிறகு சயனோஇன்டீனும் அகப்பட்டது. நைட்ரைல் உள்ளதும் இல்லாததும் ஆகிய இரண்டையுமே அளக்க முடிந்ததால், மற்ற மூலக்கூறுகளுக்கும் நைட்ரைல் வடிவத்திலிருந்து தாய் மூலக்கூறின் அளவை ஊகிக்க ஒரு பிடி கிடைத்தது.

2024-ல் காபி வென்செல் முதலானோர் நான்கு வளையம் கொண்ட பைரீனின் நைட்ரைல் வடிவத்தைக் கண்டார்கள். இந்தச் சேர்மம் கடையில் வாங்கக் கிடைப்பதல்ல. எம்.ஐ.டி. வேதியியலாளர்கள் தயாரித்துக் கொடுத்த மாதிரியை ஆய்வகத்தில் அளந்த பிறகே வானில் தேட முடிந்தது. மேகத்தின் கார்பனில் ஏறத்தாழ 0.1 விழுக்காடு பைரீனாக இருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. ஒரே ஒரு மூலக்கூறுக்கு இது மிகப்பெரிய பங்கு. 2025-ல் ஏழு வளையமும் 37 அணுக்களும் கொண்ட சயனோகொரோனீனும் பட்டியலில் சேர்ந்தது.

'கண்டோம்' என்பதை எப்போது ஏற்பது?

ஆசிரியர்களாகிய நமக்கு முக்கியமான பகுதி இதுதான். வானில் கிடைக்கும் நிறமாலையில் ஆயிரக்கணக்கான கோடுகள் உண்டு. நாம் தேடும் இடத்தில் தற்செயலாக வேறொரு மூலக்கூறின் கோடு இருந்துவிடலாம். அதனால் இத்துறையில் சில கேள்விகளைக் கட்டாயம் கேட்கிறார்கள்.

1. அதிர்வெண்கள் ஆய்வகத்தில் துல்லியமாக அளக்கப்பட்டவையா?
2. எதிர்பார்த்த கோடுகள் எல்லாம் இருக்கின்றனவா? வலுவாக வர வேண்டிய கோடு ஏதாவது காணாமல் போகிறதா?
3. எல்லாக் கோடுகளும் மேகத்தின் ஒரே திசைவேகத்தைக் காட்டுகின்றனவா?
4. கோடுகளின் வலிமைகள் ஒரே வெப்பநிலைக்குப் பொருந்துகின்றனவா?
5. வேறொரு மூலக்கூறு இதை விளக்கிவிட முடியுமா?

2003-ல் ஒரு குழு, புரதத்தின் எளிய அமினோ அமிலமான கிளைசீனை விண்மீனிடை வாயுவில் கண்டதாக அறிவித்தது. உலகெங்கும் செய்தியானது. 2005-ல் லூயிஸ் ஸ்னைடர் முதலானோர் மேற்சொன்ன கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தார்கள். இருந்தே ஆக வேண்டிய சில கோடுகள் இல்லை. அறிவிப்பு நிலைக்கவில்லை.

இன்னொன்று நம் மேகத்திலேயே நடந்தது. பதினொரு கார்பன் கொண்ட சயனோபாலிஐன் சங்கிலி டி.எம்.சி-1-ல் இருப்பதாக 1997-ல் ஓர் ஆய்வு கூறியது. 2016-ல் ரயன் லூமிஸ் குழுவினர் கிரீன் பேங்க் தரவுகளைக் கொண்டு, அந்த அளவில் இருந்திருந்தால் தெளிவாகத் தெரிந்திருக்கும், ஆனால் தெரியவில்லை என்று காட்டினார்கள். பட்டியலிலிருந்து பெயர் போயிற்று. தேடல் நிற்கவில்லை. அதே லூமிஸ் உள்ளிட்ட குழு 2021-ல், இன்னும் ஆழமான தரவுகளைக் கூட்டிப் பார்த்து, முன்பு சொன்னதைவிட மிகக் குறைந்த அளவில் அந்தச் சங்கிலி உண்மையிலேயே இருக்கிறது என்று நிறுவியது. இல்லை என்று சொன்னவர்களே, சான்று கிடைத்தபோது இருக்கிறது என்றும் சொன்னார்கள். இதை வகுப்பில் சொல்லுங்கள். அறிவியல் தன்னைத் திருத்திக்கொள்ளும் என்று பத்து முறை சொல்வதைவிட இந்த ஒரு நிகழ்வு பிள்ளைகள் மனத்தில் நிற்கும்.

இதனால் என்ன தெரிகிறது?

பல வளைய மூலக்கூறுகள், முதுமையடைந்த விண்மீன்களின் வெப்பமான உறையில், விளக்குப் புகைக்கரி படிவதுபோல உருவாகின்றன என்பது நெடுநாள் கருத்து. ஆனால் அவற்றில் சிறியவை, மேகம் வரை வரும் வழியில் புற ஊதாக் கதிர்களால் சிதைந்துவிட வேண்டும். டி.எம்.சி-1-ல் கிடைத்த அளவோ கணினி மாதிரிகள் கணித்ததைவிடப் பல மடங்கு அதிகம். அப்படியானால் குளிரிலேயே, சிறிய மூலக்கூறுகளிலிருந்து வளையங்கள் கட்டப்படுகின்றனவா?

இதற்கு எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு சான்று வந்தது. ஜப்பானின் ஹயபுசா-2 விண்கலம் ரியூகு என்ற சிறுகோளிலிருந்து சுமார் 5.4 கிராம் மண்ணை 2020 டிசம்பரில் பூமிக்குக் கொண்டுவந்தது. அதிலுள்ள கார்பன்-13 ஐசோடோப்புகளின் அமைப்பை ஆராய்ந்தவர்கள், அம்மண்ணின் நாப்தலீனும் பைரீனும் கடுங்குளிரில் உருவானதற்கான அடையாளத்தை 2023-ல் வெளியிட்டார்கள். நம் சூரியனும் கோள்களும் பிறந்தது இத்தகைய ஒரு மேகத்திலிருந்துதான். அந்த மேகத்துக் கார்பன் வளையங்கள் சிறுகோள்களில் இன்றும் மிஞ்சியிருக்கின்றன என்பது இதன் பொருள். குளிரில் எந்த வழியாக இவ்வளவு உருவாகின்றன என்பது இன்னும் முழுமையாகத் தீர்க்கப்படாத கேள்வி.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 'விண்வெளியில் உயிரின் மூலக்கூறு' என்று கைப்பேசியில் செய்தி சுற்றும். பிள்ளைகள் அதை நம்மிடம் கொண்டு வருவார்கள். கரிமச் சேர்மம் வேறு, உயிர் வேறு. அந்துருண்டையும் தாரும் கரிமச் சேர்மங்கள்தாம். அவற்றுக்கு உயிர் இல்லை. செய்தியைத் தள்ளிவிடாமல், மேற்கண்ட ஐந்து கேள்விகளில் எவற்றுக்கு அச்செய்தி விடை சொல்கிறது என்று பிள்ளைகளையே பார்க்கச் சொல்லுங்கள்.

வகுப்பறைக்கு ஒரு செயல்பாடு

செலவில்லாமல் செய்யக்கூடியது. நாற்பது தாள்களில் பத்துக் கட்டங்கள் வரையுங்கள். வகுப்பை இரண்டாகப் பிரித்து, முதல் குழு ஒவ்வொரு கட்டத்துக்கும் பகடை உருட்டி எண்ணை எழுதட்டும். நீங்கள் ரகசியமாகச் சொல்லும் ஒரு கட்டத்துக்கு மட்டும், எடுத்துக்காட்டாக ஏழாவதற்கு, இரு முறை உருட்டிப் பெரிய எண்ணை எழுத வேண்டும். தாள்களை இரண்டாம் குழுவிடம் கொடுத்து, எந்தக் கட்டத்தில் மாற்றம் இருக்கிறது என்று கேளுங்கள்.

ஒரு தாளைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஐந்து தாள்களைக் கட்டம் கட்டமாகக் கூட்டினாலும் பெரும்பாலும் குழப்பம்தான். வெவ்வேறு பிள்ளைகள் வெவ்வேறு கட்டத்தைச் சொல்வார்கள். அந்தத் தவறான விடைகளைக் கரும்பலகையில் எழுதிவையுங்கள். நாற்பதையும் கூட்டினால், மற்றக் கட்டங்களின் கூடுதல் 140-ஐ ஒட்டியும் ஏழாவது கட்டத்தின் கூடுதல் 180-ஐ ஒட்டியும் வரும். இப்போது எல்லோரும் ஒரே விடையைச் சொல்வார்கள். இரைச்சலுக்குள்ளிருந்து பென்சோநைட்ரைலை எடுத்த முறையின் சாரம் இதுதான். போதிய தரவு இல்லாமல் முந்திக்கொண்டு சொன்னால் என்ன ஆகும் என்பதும் கரும்பலகையிலேயே இருக்கும்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் கார்த்திகையையும் ரோகிணியையும் காட்டி, 'அவற்றுக்கு நடுவே இருட்டாகத் தெரியும் இடம் வெற்றிடம் அல்ல' என்று சொன்னால் போதும். பத்தாம் வகுப்பில் கார்பன் சேர்மங்களை நடத்தும்போது நாப்தலீனை ஒட்டி இதைச் சொல்லலாம். மேல்நிலை வகுப்பில் இருமுனைத் திருப்புத்திறன் வெறும் கணக்காக நின்றுவிடாமல், அது இல்லாததால் பென்சீன் மறைந்திருந்ததையும் நைட்ரைல் அதைக் காட்டிக்கொடுத்ததையும் சொல்லலாம்.

'போய்ப் பார்த்தாங்களா?' என்று கேட்கும் பிள்ளைக்கு நாம் சொல்லக்கூடிய விடை இது: போகவில்லை, ஆய்வகத்தில் அளந்தார்கள், வானில் தேடினார்கள், தவறாக இருக்க வாய்ப்புள்ள வழிகளையெல்லாம் ஒவ்வொன்றாக அடைத்துப் பார்த்தார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும் துணிவு பிள்ளைகளிடம் குறையாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.